டாக்டர் கனவு: வாசல் படிவம் மூன்றிலேயே மூடிவிடுகிறதா?

பொதுப் பல்கலைக்கழக இடங்களுக்கான முடிவுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் நம் சமூகத்தில் ஒரே காட்சி திரும்ப வருகிறது. எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.00 எடுத்து மருத்துவம் கேட்ட மாணவருக்கு வேறு ஏதோ ஒரு துறை கிடைத்திருக்கிறது. சான்றிதழைக் கையில் பிடித்தபடி பெற்றோருடன் நிற்கிறார். தலைவர்கள் அறிக்கை விடுகிறார்கள். மேல்முறையீடுகள் போகின்றன. சிலருக்கு இடம் கிடைக்கிறது. மற்றவர்கள் கிடைத்த துறைக்கே போகிறார்கள், அல்லது கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்கிறார்கள். இரண்டு மாதத்தில் விவகாரம் அடங்கிவிடுகிறது.

இந்த ஏமாற்றம் மருத்துவத்துக்கு மட்டும் உரியதல்ல. இந்தியர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. 2025 செப்டம்பரில் 4.00 எடுத்த ஒரு மாணவருக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணக்கியல் துறையில் இடம் கிடைக்காமல் போனது நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆனால் பத்திரிகையில் படம் வரும் இந்த மாணவர்கள் எல்லாரும் கடைசி வாசல் வரை வந்து சேர்ந்தவர்கள். அந்த வாசலுக்கே வராமல், எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாமல், வழியிலேயே விலகிப் போன பிள்ளைகளின் கணக்கை யாரும் எடுப்பதில்லை. தோட்டப்புறத்திலும் சிறு பட்டணங்களிலும் உள்ள நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் வீடு. அப்பா லோரி ஓட்டுநர். அம்மா தொழிற்சாலையில் வேலை. தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்து, பக்கத்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்கு வந்திருக்கிறாள். டாக்டராக வேண்டும் என்று சொல்கிறாள். இது கற்பனைதான். ஆனால் அவள் கடக்க வேண்டிய ஒவ்வொரு படியும் உண்மையானது.

முதல் படி: படிவம் மூன்று முடியும்போது

முன்பு ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர்., படிவம் மூன்றில் பி.டி.3 என்று தேர்வுகள் இருந்தன. யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் பி.டி.3 2022-இலும் கைவிடப்பட்டன. பிள்ளைகளின் மீதிருந்த அழுத்தம் குறைந்தது நல்லதுதான். ஆனால் தேர்வு முடிவைப் பார்த்துத்தான் பிள்ளையின் நிலையைப் புரிந்துகொள்ளும் பெற்றோருக்கு, எஸ்.பி.எம். வரை கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவும் இல்லாமல் போய்விட்டது.

இன்னொரு மாற்றமும் உண்டு. 2020 முதல் படிவம் நான்கில் 'அறிவியல் பிரிவு', 'கலைப் பிரிவு' என்ற பழைய பிரிவுகள் கிடையாது. மாணவர்கள் விருப்பப் பாடங்களைத் தொகுப்பாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தெந்தத் தொகுப்புகள் உண்டு என்பது பள்ளியைப் பொறுத்தது. ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் போதிய மாணவர்களும் இருக்கும் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகிய நான்கையும் ஒன்றாக எடுக்கலாம். சிறிய பள்ளியில் அந்தத் தொகுப்பு இல்லாமலே போகலாம்.

மலேசிய மருத்துவ மன்றம் வகுத்துள்ள குறைந்தபட்சத் தகுதி எஸ்.பி.எம்.மிலேயே தொடங்குகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு மேலும் ஒரு பாடம் என ஐந்தில் குறைந்தது 'பி' தேவை. படிவம் நான்கில் இயற்பியலை விட்டுவிட்டவர், அதன்பின் எவ்வளவு முயன்றாலும் இந்தக் கணக்கில் அடைபடமாட்டார்.

நம் மாணவிக்குப் பதினைந்து வயது. பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். அப்பா நெடுஞ்சாலையில் இருக்கிறார். அம்மாவுக்கு மாலை ஷிப்ட். "எது சுலபமோ அதை எடும்மா" என்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான். கூடுதல் கணிதம் கடினம், பள்ளியின் தேர்ச்சி விகிதம் குறையும் என்று கருதும் பள்ளியும் மறுப்புச் சொல்லாது. இந்த முடிவுக்காக யாரும் அறிக்கை விடப்போவதில்லை. ஆனால் மருத்துவப் படிப்பு அன்றைக்கே அவள் கையைவிட்டுப் போய்விடுகிறது.

பத்தாவது 'ஏ' எங்கிருந்து வருகிறது?

அவள் சரியான தொகுப்பை எடுத்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். எஸ்.பி.எம். முடிந்ததும் இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று, கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன். மற்றொன்று, படிவம் ஆறு.

மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. விடுதியும் மாதப்படியும் உண்டு. பல்கலைக்கழகங்களில் இன ஒதுக்கீட்டுக்குப் பதில் தகுதிமுறை என்று 2002-இல் அறிவிக்கப்பட்டபோது, அதுவரை பூமிபுத்ரா மாணவர்களுக்கே இருந்த மெட்ரிகுலேஷனில் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அந்த 10 விழுக்காட்டுக்குள் சீனரும் இந்தியரும் பிறரும் அடங்க வேண்டும். 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும் 90-க்கு 10 என்ற விகிதம் மாறவில்லை. இந்திய மாணவர்களுக்குச் சிறப்பு இடங்கள் என்று அவ்வப்போது அறிவிப்புகள் வந்தன. அவை ஆட்சியாளரின் மனநிலையைப் பொறுத்துக் கூடின, குறைந்தன.

2024 ஜூன் 30-ஆம் தேதி பிரதமர் அன்வார் இப்ராஹிம் முக்கியமான ஓர் அறிவிப்பைச் செய்தார். எஸ்.பி.எம்.மில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெற்ற எல்லா மாணவர்களுக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்பதே அது. ஒதுக்கீட்டு விகிதத்தை அது தொடவில்லை. ஆனாலும், இத்தனை எடுத்தால் இடம் நிச்சயம் என்று ஒரு மாணவர் கையில் பிடித்துக்கொள்ளக்கூடிய கோடு ஒன்று கிடைத்தது.

இங்கேதான் நம் பெற்றோர் கவனிக்க வேண்டிய கணக்கு வருகிறது. அறிவியல் தொகுப்பு எடுக்கும் நம் பிள்ளைக்கு மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று வழக்கமாக ஒன்பது பாடங்கள் வரும். ஒன்பதிலும் ஏ எடுத்தாலும் அது 9 ஏ-தான். பத்தாவது பாடம் பெரும்பாலும் தமிழ்மொழி. பதினோராவது தமிழ் இலக்கியம்.

எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுத்தால் மற்ற பாடங்களின் புள்ளி குறைந்துவிடும், எனவே விட்டுவிடலாம் என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு. 10 ஏ கோடு வந்தபிறகு அந்தப் பேச்சு கணக்குப்படியே தவறு. தமிழை விட்டவர் பத்து என்ற எண்ணையே எட்ட முடியாமல் போகலாம். மெட்ரிகுலேஷன் இடத்துக்கான சாவி தமிழ்ப்பாடத்தில் இருக்கிறது என்பது மொழிப்பற்றுக்காகச் சொல்லப்படும் வாதம் அல்ல. அதே சமயம், தமிழ் கற்பிக்க ஆசிரியர் இல்லாத இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை அந்தச் சாவியைத் தேடி வெளியே போக வேண்டியிருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

படிவம் ஆறு: ஏழை வீட்டுப் பிள்ளையின் நெடுஞ்சாலை

நம் மாணவி 8 ஏ எடுக்கிறாள். மெட்ரிகுலேஷன் நிச்சயமில்லை. அவளுக்கு எஞ்சியிருப்பது படிவம் ஆறு. நம் வீடுகளில் அதைத் தோல்வியாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. "மறுபடியும் பள்ளிச் சீருடையா?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில், பணமில்லாத குடும்பத்துக்கு மருத்துவத்தை நோக்கிப் போகும் மிக நேரான பாதை இதுதான். செலவு குறைவு. பல இடங்களில் வீட்டிலிருந்தே போய்வரலாம். எஸ்.டி.பி.எம். சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. மூன்று பருவங்களாக, ஒன்றரை ஆண்டு நடக்கும் இந்தப் படிப்பில் புள்ளி குறைந்த தாள்களை மறுமுறை எழுதவும் வாய்ப்பு உண்டு.

ஆனால் சிக்கல் இங்கேதான். பொதுப் பல்கலைக்கழக விண்ணப்ப முறையான யுபியு, மெட்ரிகுலேஷன் மாணவரையும் எஸ்.டி.பி.எம். மாணவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. 90 விழுக்காடு கல்விப்புள்ளி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. ஒன்று, அமைச்சின் மெட்ரிகுலேஷன் பிரிவே நடத்தும் ஓராண்டுப் படிப்பு. மற்றொன்று, மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் பொதுத்தேர்வு. இரண்டிலும் 4.00 என்றால் இரண்டும் ஒன்றே என்கிறது விதி. இரண்டு தேர்வுகளின் கடினமும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு ஏற்கத்தக்க விளக்கம் பொதுமக்களுக்கு இன்றுவரை தரப்படவில்லை.

4.00 எடுத்தவர்கள் ஏராளமாக இருக்கும்போது முடிவு செய்வது அந்த 10 விழுக்காடுதான். பிறகு நேர்முகத் தேர்வு. கழகத் தலைவர் பதவி, மாநில அளவிலான போட்டி, சீருடை இயக்கம் எல்லாம் மாலை நேரத்து விஷயங்கள். ஒரு மணிக்குப் பள்ளிப் பேருந்தைப் பிடிக்காவிட்டால் வீடு போய்ச்சேர வழியில்லாத தோட்டத்துப் பிள்ளை அந்தப் புள்ளிகளை எங்கே சேர்ப்பாள்? நேர்முகத் தேர்வு அறையில் அந்நியரான பேராசிரியர் முன் அமர்ந்து, "நோயாளி சிகிச்சையை மறுத்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டால், பதில் தெரிந்திருந்தும் வாய் வராமல் தடுமாறுவது திறமைக்குறைவால் அல்ல. அப்படி ஓர் உரையாடல் அவள் வாழ்க்கையில் அதுவரை நடந்ததே இல்லை.

யுபியு-வில் 12 தேர்வுகளை வரிசைப்படுத்த வேண்டும். 11 பொதுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் உண்டு. அவற்றில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பூமிபுத்ரா மாணவர்களுக்கு உரியது. எதை முதலில் போடுவது, மருத்துவத்துக்குப் பிறகு எந்தத் துறையைப் போடுவது என்ற முடிவைப் பல பிள்ளைகள் நண்பர்களைக் கேட்டே எடுக்கிறார்கள். பிறகு, கேட்காத துறை கிடைத்துவிட்டது என்று வருந்துகிறார்கள். அந்தத் துறையையும் பட்டியலில் தாங்களே எழுதியிருக்கிறார்கள் என்பது சில வேளைகளில் அப்போதுதான் தெரியவருகிறது.

பணம் கேட்கும் வாசல்கள்

பொதுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க ஆண்டுக்குச் சில ஆயிரம் வெள்ளி போதும். தனியார் கல்லூரியில் முழுப் படிப்புக்கும் பல இலட்சம் வெள்ளி. இந்த இடைவெளியை நிரப்பத்தான் சமூகம் தானே சில வாசல்களை உருவாக்கியது. ம.இ.கா.வின் கல்விக்கரமான எம்.ஐ.இ.டி. 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அவற்றில் பெரியது. அதற்கும் முன்பே, இந்தியாவின் மணிப்பாலில் படித்துத் திரும்பிய ஒரு தலைமுறை மருத்துவர்கள் நம் பட்டணங்களில் கிளினிக் திறந்தார்கள். 1997-இல் மலாக்காவில் மணிப்பால் கல்லூரி வந்தது. இந்த வாசல்களால் உருவான மருத்துவர்கள் பலர். ஆனால் உபகாரச் சம்பளமோ சொத்தோ இல்லாத குடும்பத்துக்கு இவை கடன் வாசல்களே.

வெளிநாடு மலிவு என்று முகவர்கள் சொல்வதைக் கேட்டு வீட்டை அடமானம் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கிரிமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கான அங்கீகாரத்தை மலேசியா 2005-இல் விலக்கிக்கொண்டபோது கொந்தளித்தவர்களில் நம் பெற்றோர் பலர். அங்கீகாரம் நாட்டுக்குக் கொடுக்கப்படுவதில்லை, குறிப்பிட்ட கல்லூரியின் குறிப்பிட்ட பட்டத்துக்கே கொடுக்கப்படுகிறது. பணம் கட்டுவதற்கு முன்பே மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலைப் பார்ப்பது, முகவரின் பத்து வாக்குறுதிகளைவிட மேல்.

டிரெசர் போன வழி

ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் டிரெசர்தான். டாக்டர் எப்போதாவது வந்து போவார். காய்ச்சலோ, வெட்டுக்காயமோ, பிரசவ வலியோ, முதலில் தட்டப்படுவது டிரெசர் வீட்டுக் கதவு. இன்று அந்தப் பணியின் வாரிசு, மூன்றாண்டு டிப்ளோமா படித்த உதவி மருத்துவ அதிகாரி. தாதிமை, இயன்மருத்துவம், மருந்தியல் என்று வேறு வழிகளும் உள்ளன.

இவற்றிலிருந்து மருத்துவத்துக்குப் போக முடியுமா? விதிப்படி முடியும். சுகாதாரத் துறை டிப்ளோமாவை உயர்ந்த புள்ளியோடு முடித்து, எஸ்.பி.எம். தகுதியும் வைத்திருப்பவரை மருத்துவக் கல்லூரி ஏற்கலாம். நடைமுறையில் இந்த வழி குறுகலானது. போகும் சிலரும் தனியார் கல்லூரிக்குத்தான் போகிறார்கள். வேலையை விட்டு ஐந்து ஆண்டு படிக்கக் குடும்பம் தாங்க வேண்டும். வார்டில் பத்து ஆண்டு நின்று நோயாளியை அறிந்தவரின் அனுபவத்துக்கு யுபியு தட்டில் எடையே இல்லை. மருத்துவத்துக்குப் பலவிதப் பாதைகள் வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கும் அரசாங்கம் முதலில் திறக்க வேண்டிய வாசல் இது. உதவி மருத்துவ அதிகாரிகளுக்கும் தாதியருக்கும் பொதுப் பல்கலைக்கழகத்தில் சில இடங்கள், சம்பள விடுப்போடு. அது எந்த இனத்தவரின் இடத்தையும் பறிக்காது.

இவ்வளவும் எதற்காக?

2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்படுகிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் மருத்துவமனைகளைவிட்டு வெளியே வந்து நின்ற 'ஹர்த்தால்' பலருக்கும் நினைவிருக்கும். டாக்டர் பட்டம் என்றால் நிரந்தர அரசாங்க வேலை என்ற பழைய கணக்கு இன்று செல்லாது. பெருமைக்காக மட்டும் பிள்ளையை இந்தப் படிப்புக்குத் தள்ளுவது பிள்ளைக்குச் செய்யும் உதவி அல்ல.

ஆனாலும் நம் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அரசாங்க கிளினிக்கில் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பாட்டி, "நெஞ்சு கரிக்குது, கை கால் அசதியா இருக்கு" என்று சொல்கிறார். அதை மலாயில் சொல்ல அவருக்கு வாய் வராது. கூட வந்த பேரன் பாதியை மொழிபெயர்க்கிறான். கரிப்பதற்கும் அடைப்பதற்கும் வலிப்பதற்கும் உள்ள வேறுபாடு வழியில் தொலைந்துபோகிறது. டிரெசருக்கு அது புரிந்தது. அவர் அந்த லயத்தை அறிந்தவர். ஏழைகள் வீட்டிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் மருத்துவர்கள் வர வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளின் நலனுக்காக மட்டும் அல்ல. நோயாளியின் நலனும் அதில் இருக்கிறது. கிளந்தான் கிராமத்து மலாய்ப் பாட்டிக்கும் சரவாக் நீண்டவீட்டு இபான் தாத்தாவுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

மெட்ரிகுலேஷன் தொடங்கப்பட்டதன் அடிப்படை நோக்கமும் பின்தங்கியவருக்கு ஏணி கொடுப்பதுதான். அந்த நோக்கத்தில் குறை இல்லை. ஏணி தேவைப்படும் லோரி ஓட்டுநரின் மகளுக்கு அது 10 விழுக்காட்டுக்குள் மட்டும் என்பதே குறை.

யாரிடம் என்ன கேட்பது?

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, மருத்துவத்தில் இடம் பெற்றவர்கள் எந்த வழியில் வந்தார்கள், எந்த வருமானப் பிரிவினர் என்ற விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எண்கள் வெளியே வந்தால் வதந்திக்கும் வேலை இருக்காது, அறிக்கைக்கும் வேலை இருக்காது. இரண்டாவது, ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்று அறிவியல் பாடங்களும் கூடுதல் கணிதமும் கிடைக்கும் பள்ளி ஒன்றாவது இருக்க வேண்டும்; தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கு விடுதியோ பேருந்தோ தரப்பட வேண்டும். மூன்றாவது, புறப்பாடப் புள்ளியில் பிள்ளையின் பள்ளியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சமூகத்திடம் கேட்க வேண்டியதும் உண்டு. நம் முயற்சிகளில் பெரும்பங்கு, முடிவு வந்தபிறகு மேல்முறையீட்டில் செலவாகிறது. 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையம் தொடங்கியபோது, வார இறுதி வகுப்புகளால் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோக முடியும் என்பதைச் சமூகம் கண்டது. அதே உழைப்பு இப்போது இன்னும் கீழ்ப்படியில் தேவை. கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளி மண்டபங்களிலும் படிவம் மூன்று பெற்றோருக்குப் பாடத்தொகுப்பு விளக்கம் சொல்லலாம். படிவம் ஆறு மாணவருக்குப் பேருந்துச் செலவும் நூல் செலவும் தரலாம். இளம் மருத்துவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி நேர்முகத் தேர்வுக்குப் பழக்கலாம். இவை எதற்கும் அமைச்சரின் கையொப்பம் தேவையில்லை. மித்ராவின் நிதியும் கூட்டுறவுச் சங்கங்களின் கல்வி உதவியும் இந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

நம் மாணவிக்கு என்ன ஆகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. பாடத்தொகுப்புப் பாரம் மேசைமேல் இருக்கிறது. திங்கட்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டும். இந்த வார இறுதியில் அவள் வீட்டுக்குப் போய், அப்பா லோரியைவிட்டு இறங்கிய பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து அந்தப் பாரத்தை விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். அதே தாமானில் பல்கலைக்கழகம் முடித்த அக்காவோ அண்ணனோ ஒருவராவது இருப்பார்.